கோப்பி இலையின் அடிப்பக்கம்: ஒரு துருநோயும் அதைப் பார்த்த நுணுக்குக்காட்டிகளும்

1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் விழத் தொடங்கின. இலையைத் திருப்பினால், புள்ளிக்கு நேர் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள். தொட்டால் விரலில் ஒட்டும். கொஞ்ச நாளில் அந்த இலைகள் உதிர்ந்துவிடும். மரம் மறுபடி துளிர்க்கும். துளிர்த்த இலையிலும் அதே புள்ளி வரும். சில ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் கோப்பிப் பகுதிகள் எல்லாவற்றிலும் இந்தத் தூள் பரவிவிட்டது. 1870இல் ஏறத்தாழ 4.5 கோடி கிலோகிராம் கோப்பி ஏற்றுமதி செய்த இலங்கை, 1889இல் ஏறத்தாழ 23 இலட்சம் கிலோகிராமுக்கு இறங்கியது. இடையில், 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது.

இந்த நோயை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இது நம்முடைய கதை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் அதிக ஆட்கள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். தேயிலை அப்படியல்ல, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, வந்துபோன சனம் லயங்களில் நிலையாகத் தங்கிவிட்டது. மலையகத்தில் பிறந்த எங்கள் குடும்பக் கதைகளில், இந்தத் துருநோயை உண்டாக்கிய பங்கசுக்கும் (பூஞ்சைக்கும்) ஒரு பங்கு இருக்கிறது.

இரண்டாவது காரணம் படிப்பிப்பது சம்பந்தமானது. உயர்தர உயிரியலில் நுணுக்குக்காட்டி வகைகளை ஓர் அட்டவணையாகப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள்: ஒளி நுணுக்குக்காட்டி, அவத்தை வேறுபாடு, இருட்புலம், புளோரொளிர்வு, அலகிடும் இலத்திரன், ஊடுகடத்தும் இலத்திரன். பக்கத்தில் உருப்பெருக்கம் எத்தனை மடங்கு என்ற எண். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்பது அந்த அட்டவணையில் இல்லை. கோப்பித் துருவோ 150 ஆண்டுகளில் அநேகமாக எல்லா வகை நுணுக்குக்காட்டிகளாலும் பார்க்கப்பட்ட ஒன்று. ஒரே உயிரியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியும் எதைக் காட்டியது, எதைக் காட்ட முடியாமல் நின்றது என்று பார்க்கலாம்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நோயைப் பற்றித் தோட்டத்துக்கு மிகவும் தேவைப்பட்ட உண்மையைத் தந்தது ஒரு சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி. அதை வைத்திருந்தவர் நாட்கணக்கில் ஒரே இலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண்ணாடி வழுக்கியை மேசையிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்த விலையுயர்ந்த கருவிகள் வேறு கேள்விகளுக்குப் பதில் தந்தன. அவையும் அருமையான பதில்கள்தான்.

காய்ந்த இலையில் தெரிந்தது

அப்போது பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் துவெயிட்ஸ். இலங்கைக்கு வருமுன்பே நுணுக்குக்காட்டியில் கைதேர்ந்தவர். நீரில் வாழும் டயற்றங்கள் ஒன்றோடொன்று இணைந்து இனம்பெருக்குவதைக் கண்டு சொன்னவர். அவர் நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் இருந்த மைல்ஸ் பேர்க்லிக்கு அனுப்பினார். பேர்க்லி ஒரு பாதிரியார்; 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழுகலுக்கு ஒரு பங்கசே காரணம் என்று, பலரும் ஏற்காத காலத்தில் வாதிட்டவர். அவரும் புறூம் என்பவரும் சேர்ந்து 1869 முடிவதற்குள்ளேயே இலங்கைக் கோப்பி இலையில் இருந்தது அறிவியலுக்குப் புதிய ஒரு பங்கசு என்று விவரித்து, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி, அதாவது பங்கசு பரவுவதற்கான விதை போன்ற நுண்துகள். உருவத்தில் தோடம்பழச் சுளை போன்றது: வளைந்த முதுகுப்பக்கம் முழுக்கச் சிறு முட்கள், உட்பக்கம் வழுவழுப்பு. நீளம் 26 முதல் 40 மைக்ரோமீற்றர், அகலம் 18 முதல் 28 மைக்ரோமீற்றர். கண்ணால் தனியாக ஒரு வித்தியைப் பார்க்க முடியாது. நம் கண் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய அவற்றுக்கிடையே ஏறத்தாழ 100 மைக்ரோமீற்றர் இடைவெளி வேண்டும். ஆனால் 400 மடங்கு பெருக்கும் எந்த நல்ல ஒளி நுணுக்குக்காட்டியிலும் முள் தெரியும், முள்ளில்லாத பக்கமும் தெரியும்.

இனங்காண அது போதும். நோயை விளங்கிக்கொள்ள அது போதவே போதாது. பேர்க்லியின் கையில் இருந்தது கப்பலில் வந்த காய்ந்த இலை. அது எந்தக் குடும்பத்துப் பங்கசு என்று வைப்பதிலேயே அவருக்குச் சிரமம் இருந்தது. வித்தி எப்படி முளைக்கிறது, இலைக்குள் எந்த வழியாகப் போகிறது, உள்ளே என்ன செய்கிறது, எத்தனை நாளில் வெளியே வருகிறது – செத்த மாதிரியில் இவை எதுவும் தெரியாது. நுணுக்குக்காட்டியைப் பற்றிப் பேசும்போது நாம் வில்லையைப் பற்றியே பேசுகிறோம். மேடையில் வைத்த பொருள் உயிரோடு இருந்ததா என்பது அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

பட்டையில் கண்ட இழைகள்

1870களின் பிற்பகுதியில் ஒரு தவறான அடையாளம் பெரும் செலவை இழுத்துவிட்டது. கோப்பி மரத்தின் பட்டையிலும் கிளைகளிலும் நுணுக்குக்காட்டியில் மெல்லிய இழைகள் தெரிந்தன. துருப் பங்கசின் இன்னொரு நிலைதான் இது, வெளியே படர்ந்து கிடந்து பிறகு இலைக்குள் போகிறது என்று பேராதனையில் துணைப் பணிப்பாளராக இருந்த டானியல் மொறிஸ் கருதினார். அப்படியானால் வெளியில் கிடக்கும்போதே அதைக் கொன்றுவிடலாமே? கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து மரங்களில் தூவும் முயற்சி அந்த எண்ணத்தின் மேல்தான் எழுந்தது.

அவர் பார்த்த இழை பொய்யில்லை. இழை இருந்தது. ஆனால் இந்த ஈரமான மலையில் எந்த மரத்தின் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பங்கசின் இழை இருக்கும். ஓரிடத்தில் இரண்டு பொருட்கள் சேர்ந்து இருப்பதை நுணுக்குக்காட்டி காட்டும். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று அதுவாகச் சொல்லாது. அதைச் சொல்ல, வித்தியிலிருந்து இழை வருவதையும் இழையிலிருந்து மறுபடி வித்தி வருவதையும் இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும்.

வார்ட் செய்த வேலை

அந்தத் தொடரைப் பிடித்தவர் ஹரி மார்ஷல் வார்ட். 1854இல் பிறந்தவர். 1880இல் இலங்கை அரசாங்கம் இந்த ஒரு நோயை ஆராய்வதற்காகவே அவரைப் பேராதனைக்கு அழைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார்.

முதலில் வித்தியை நீர்த்துளியில் இட்டு முளைக்கவிட்டார். சில மணி நேரத்தில் வித்தியின் சுவரிலிருந்து மெல்லிய முளைக்குழாய் நீளும். நீர் இல்லாவிட்டால் முளைப்பு இல்லை. பிறகு உயிருள்ள இலையின் அடிப்பக்கத்தில் ஒரு துளி நீரோடு வித்திகளை வைத்தார். முளைக்குழாய் இலையின் மேற்பரப்பில் ஊர்ந்து, ஓர் இலைவாயை அடைந்து, அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே இறங்குவதைக் கண்டு வரைந்தார். நோயின் வாசல் இலைவாய். கோப்பி இலையில் இலைவாய்கள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், மழை மேல்பக்கத்திலதானே விழுது, நோய் ஏன் கீழ்ப்பக்கத்தில வருது?" என்று கேட்டால், இந்த ஒரு படத்திலேயே பதில் இருக்கிறது.

உள்ளே போன இழை கலங்களுக்கு இடையில் படரும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு சிறு உறுப்பைச் செலுத்தி உணவை உறிஞ்சும். அதைப் பருகி என்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில், வித்தி வைத்த இடத்தில் மஞ்சள் புள்ளி விழும். வித்தி வைக்காத இடத்தில் விழாது. அப்புறம் இழைகள் ஓர் இலைவாயின் கீழ் திரண்டு, அதே துவாரத்தின் வழியாக வெளியே எட்டிப் புதிய வித்திகளைக் கொத்தாகத் தாங்கி நிற்கும். பெரும்பாலான துருப் பங்கசுக்கள் இலையின் மேற்றோலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். இது கிழிப்பதில்லை, போன வழியிலேயே வருகிறது.

வித்தியிலிருந்து வித்தி வரை சுற்று முழுமையாயிற்று. பட்டையில் கிடந்த இழைக்கு அந்தச் சுற்றில் எங்கும் இடமில்லை. அவை வேறு பங்கசுக்களின் இழைகள் என்று வார்ட் காட்டினார். கந்தகத் தூவலின் அடிப்படை அத்தோடு போயிற்று.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை அதிகம் கவர்கிறது. கண்ணாடி வழுக்கிகளில் ஒட்டும் பூச்சைத் தடவி, கோப்பித் தோட்டத்தில் காற்றுப்படும்படி வைத்தார். பிறகு அவற்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒட்டியிருந்த துகள்களில் ஹெமிலியாவின் வித்தி இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் வழுவழுப்பு என்ற அந்த உருவத்தை வேறு எதனோடும் குழப்ப முடியாது. பேர்க்லியின் விவரணை இங்கேதான் பயன் தந்தது. நோய் காற்றில் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த சாட்சியோடு நிறுவப்பட்டது. காற்றில் பயிர்நோய் வித்திகளைப் பிடித்து ஆராயும் இன்றைய துறைக்கு அந்த வழுக்கிகள் முன்னோடிகள்.

இதிலிருந்து வந்த முடிவு தோட்ட முதலாளிகளுக்கு உவப்பானதாக இல்லை. ஒரு புள்ளி மூன்று நான்கு மாதங்களில் மூன்று, நான்கு இலட்சம் வித்திகளை உதிர்க்கக்கூடும் என்று இன்று நமக்குத் தெரியும். மலைக்குப் பின் மலையாக இடைவெளி இல்லாமல் ஒரே பயிர், ஆண்டுக்கு இரண்டு பருவக்காற்று, இலையில் மணிக்கணக்கில் நிற்கும் ஈரம். இழை இலைக்குள் போன பிறகு, அன்று வெளியிலிருந்து தூவக்கூடிய எதுவும் அதை எட்டாது. மருந்து அடிப்பதென்றால் வித்தி முளைக்குமுன், இலையின் அடிப்பக்கத்தில் அடிக்க வேண்டும். வார்ட் இதைச் சொன்னார். ஆனால் எதை அடிப்பது? செப்புசல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை பிரான்சின் மில்லார்டே திராட்சை நோய்க்காக வெளியிட்டது 1885இல். வார்ட் அதற்குள் இலங்கையை விட்டுப் போயிருந்தார். தோட்டங்கள் கோப்பியைப் பிடுங்கத் தொடங்கியிருந்தன. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது செப்பு மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தேயிலை தப்பியதில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

வார்ட் நோயைத் தீர்க்கவில்லை என்று குறை சொல்பவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நோயின் ஒவ்வொரு படியையும் கண்ணால் கண்டு, எந்தப் படியில் தடுக்கலாம், எந்தப் படியில் தடுக்க முடியாது என்று பிரித்துச் சொன்னதை விட ஒரு நுணுக்குக்காட்டியிடம் வேறென்ன கேட்பது?

ஒளியின் எல்லை

1873இல் ஜேர்மன் இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே ஒரு கணக்கைப் போட்டார். ஒளியால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஒளியின் அலைநீளத்தை வில்லையின் எண்துவாரத்தின் (வில்லை எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பைச் சேர்க்கிறது என்பதைக் காட்டும் எண்) இருமடங்கால் வகுத்தால் வருவது. பாடசாலை நுணுக்குக்காட்டியில் 40 மடங்குப் பொருள்வில்லையின் எண்துவாரம் பொதுவாக 0.65. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரோமீற்றர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 0.42 மைக்ரோமீற்றர். வில்லைக்கும் வழுக்கிக்கும் இடையில் எண்ணெய் விட்டால் எண்துவாரம் 1.4 வரை போகும், பிரிவலு 0.2 மைக்ரோமீற்றருக்கு வரும். அதற்கு மேல் பார்வைத்துண்டை மாற்றி 2000, 3000 மடங்கு என்று பெருக்கினாலும் கிடைப்பது பெரிதாக்கப்பட்ட மங்கல்தான். உருப்பெருக்கத்தையும் பிரிவலுவையும் ஒன்றாக நினைப்பதை முதல் நாளே திருத்திவிட வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. உயிருள்ள முளைக்குழாய் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். சாயமிட்டால் தெரியும், ஆனால் சாயம் பெரும்பாலும் கொன்றுவிடும். டச்சு இயற்பியலாளர் செர்னிக்கே கண்டுபிடித்த அவத்தை வேறுபாட்டு முறை (1953இல் நோபல் பரிசு) இதற்குத்தான். கலத்தின் வெவ்வேறு பகுதிகள் ஒளியைச் சற்றே தாமதப்படுத்தும் அளவில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை வெளிச்சம், இருள் என்ற வேறுபாடாக மாற்றிவிடுகிறது. முளைக்குழாய்க்குள் கலச்சாறு ஓடுவதைச் சாயமே இல்லாமல் பார்க்கலாம்.

இருட்புல முறை கோப்பித் துருவுக்கு அதிகம் உதவவில்லை. அதன் இடம் வேறு. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டொஸ்பைரா 0.1 மைக்ரோமீற்றர் தடிப்பு மட்டுமே. அபேயின் எல்லைக்குக் கீழே. பின்னணியைக் கறுப்பாக்கி, பக்கவாட்டில் விழுந்து சிதறும் ஒளியை மட்டும் பிடித்தால், அது நெளியும் வெள்ளை இழையாகத் தெரியும்.

ஒளிரும் கலங்கள்

வார்ட் விட்ட இடத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கேள்வி வேறு: சில கோப்பி மரங்களுக்கு மட்டும் ஏன் துரு பிடிப்பதில்லை? 1920களில் திமோர் தீவில் அரபிக்காவும் றொபஸ்டாவும் தானாகக் கலந்து உருவான ஒரு மரம் கண்டெடுக்கப்பட்டது. உலகில் இன்று பயிராகும் துரு தாங்கும் இரகங்கள் பலவற்றுக்கு அது மூதாதை. போர்த்துக்கலில் ஒயிராஸ் என்ற இடத்தில் 1955இல் தொடங்கிய கோப்பித் துரு ஆய்வு நிலையம் இந்த எதிர்ப்பை மரபுவழியாகவும் கலக் கலமாகவும் ஆராய்ந்தது.

இங்கே சாதாரண ஒளி போதவில்லை. பச்சை இலைக்குள் நிறமற்ற இழையைத் தேடுவது கடினம். இலையின் பச்சையத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, பங்கசுச் சுவரில் உள்ள கைற்றினோடு ஒட்டும் ஒளிர்சாயத்தை ஏற்றி, புற ஊதா அல்லது நீல ஒளி பாய்ச்சினால், இருட்டான பின்னணியில் இழை மட்டும் ஒளிரும். எங்கே போகிறது, எங்கே கிளைக்கிறது, எத்தனை பருகிகள் என்று எண்ணலாம். எதிர்ப்புள்ள மரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பங்கசு முதல் சில பருகிகளைச் செலுத்தியதும் அந்தக் கலங்கள் இறந்துவிடுகின்றன. இறந்த கலத்தில் சேரும் பீனோல் சேர்வைகள் சாயமே இல்லாமல் தாமாக ஒளிர்கின்றன. பருகியைச் சுற்றிக் கலோசு என்ற பொருள் உறைபோலப் படிகிறது. உயிருள்ள கலம் இல்லாமல் துருப் பங்கசு வாழாது. சுற்றியுள்ள சில கலங்கள் இறந்ததால் பங்கசு பட்டினியில் நின்றுவிடுகிறது.

கண்ணுக்கு அந்த இலை சுத்தமாக இருக்கும், புள்ளிகூட இராது. உள்ளே இத்தனை சின்ன இடத்தில் நடந்து முடிந்த போரைக் காட்ட ஒளிரும் நுணுக்குக்காட்டி தேவைப்பட்டது.

புளோரொளிர்வு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் இருமலோடு மார்புச் சிகிச்சை நிலையத்துக்குப் போனவர் சளி கொடுத்துவிட்டு வருகிறாரே, அந்தச் சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் வேலையும் இதே தத்துவத்தில் நடக்கலாம். சீல்–நீல்சன் முறையில் சிவப்புச் சாயமேற்றினால் எண்ணெய் விட்டு 1000 மடங்கில், புலம் புலமாக நூறு புலம் வரை தேட வேண்டும். ஓரமைன் சாயமேற்றி எல்.ஈ.டி. விளக்குள்ள ஒளிர்நுணுக்குக்காட்டியில் வைத்தால் 200 முதல் 400 மடங்கே போதும். ஒரு புலத்தில் அதிகப் பரப்புத் தெரிவதால் அதே நேரத்தில் அதிகம் தேடலாம். பழைய பாதரச விளக்கை விட்டு எல்.ஈ.டி.க்கு மாறலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. உருப்பெருக்கத்தைக் குறைத்ததால் தேடும் வேலை சுலபமானது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குவிய லேசர் முறை புளோரொளிர்வின் அடுத்த படி. அதன் அடிப்படை, அமெரிக்கரான மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்குக் கொடுத்த எண்ணம். ஒரே ஆழத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் சிறு துவாரத்தால் வடித்து, இலையை வெட்டாமலேயே அடுக்கடுக்காகப் படம் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாகக் கட்டலாம்.

இலத்திரனால் பார்த்தபோது

ஏர்ன்ஸ்ட் றுஸ்காவும் மாக்ஸ் நொலும் 1931இல் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டியைச் செய்தார்கள். இலத்திரனின் அலைநீளம் ஒளியைவிட மிகமிகக் குறைவு. அதனால் அபேயின் தடை வெகு தூரம் பின்வாங்குகிறது. விலையாகக் கொடுப்பது உயிரை. மாதிரி வெற்றிடத்துக்குள் போக வேண்டும். முன்னதாக இரசாயனத்தில் பதப்படுத்தி, நீரை முழுக்க நீக்க வேண்டும்.

அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி 1965இல் சந்தைக்கு வந்தது. தங்க முலாம் பூசிய கோப்பி இலையின் அடிப்பக்கத்தை அதில் வைத்தால் இலைவாயிலிருந்து வித்திகள் கொத்தாக எழுந்து நிற்பதும், ஒவ்வொரு முள்ளும், அவ்வளவு தெளிவாகத் தெரியும். முதல்முறை பார்க்கும் எவரும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அமைப்பைப் பொறுத்தவரை இந்தப் படம் வார்ட் வரைந்ததை உறுதிப்படுத்தியது, பெரிதாக மாற்றவில்லை.

மாற்றியது ஊடுகடத்தும் வகை. இலையைப் பிசினில் பதித்து, வைரக் கத்தியால் 0.1 மைக்ரோமீற்றரை விடவும் மெல்லிய சீவல்களாக வெட்டி, யுரேனியம், ஈயம் போன்ற பார உலோக உப்புகளை ஏற்றி, இலத்திரன் கற்றையை அதனூடாகச் செலுத்துவார்கள். ஒளி நுணுக்குக்காட்டியில் பருகி கலத்துக்குள் புகுந்து கிடப்பதாகத் தெரிந்ததல்லவா? உண்மையில் அது கலச்சுவரைத்தான் துளைக்கிறது. கலமென்சவ்வு கிழிவதில்லை, பருகியைச் சுற்றி உள்வாங்கிக்கொண்டு ஓர் உறையாக நிற்கிறது. பங்கசுக்கும் தாவரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைப்படை இருக்கிறது. உணவு அங்கிருந்துதான் திருடப்படுகிறது. தாவரத்தை ஏமாற்றும் புரதங்களும் அந்த வழியாகவே உள்ளே அனுப்பப்படுகின்றன. இந்த ஒரு மென்சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 0.01 மைக்ரோமீற்றர். எண்ணெய் விட்ட எந்த ஒளிவில்லையாலும் அதைத் தனியாகக் காட்டியிருக்க முடியாது.

நம் கையில் இருப்பதை வைத்து

மலையகத்தில் வீட்டுத் தோட்டங்களில் இன்றும் கோப்பி மரம் நிற்கிறது. துருவும் இருக்கிறது. மழைக்குப் பிந்திய மாதங்களில் கீழ்க்கிளை இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பாடசாலையில் ஒரேயொரு கூட்டு நுணுக்குக்காட்டி இருந்தால்கூட வார்ட் செய்ததில் பாதியைச் செய்துவிடலாம்.

செம்மஞ்சள் தூளில் தெளிவான ஒட்டுநாடாவை மெதுவாக அழுத்தி எடுத்து, வழுக்கியில் ஒரு துளி நீரின் மேல் ஒட்டுங்கள். 10 மடங்குப் பொருள்வில்லையில் தேடிப் பிடித்து, 40க்கு மாற்றுங்கள். அளக்கவும் முடியும். 10 மடங்குப் பொருள்வில்லையின் கீழ் ஒரு தெளிவான அடிமட்டத்தை வைத்தால் புலத்தின் குறுக்களவு பெரும்பாலான கருவிகளில் 1.8 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். 40இல் அது நாலில் ஒன்று: 0.45 மில்லிமீற்றர், அதாவது 450 மைக்ரோமீற்றர். புலத்தின் குறுக்கே வரிசையாக 15 வித்திகள் அடங்கும் என்றால், ஒன்று 30 மைக்ரோமீற்றர். கைபேசியைப் பார்வைத்துண்டில் வைத்துப் படம் எடுத்துவிட்டு ஆறுதலாக எண்ணலாம்.

முளைப்பைப் பார்க்க, நீர்த்துளியில் வித்திகளை இட்ட இரண்டு வழுக்கிகளை ஈரக் கடதாசி விரித்த பெட்டிகளில் வையுங்கள். ஒன்று இருட்டில், மற்றது வெளிச்சத்தில். வெளிச்சம் முளைப்பைத் தடுக்கும். இருட்டில் 21 முதல் 25 பாகை வெப்பநிலையில் நன்றாக முளைக்கும். மறுநாள் காலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, இந்த நோய் ஏன் இரவு ஈரத்தில் பிடிக்கிறது என்பதைத் தானே சொல்லிவிடும்.

இலைக்குள் பார்ப்பதற்கு, துரு இலையின் சிறு துண்டை ஒரு கரட் துண்டின் பிளவுக்குள் வைத்துச் சவர அலகால் மெல்லிசாகச் சீவுங்கள். பச்சையத்தை நீக்க, துண்டுகளை அற்ககோலில் இட்டுச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். நேரடித் தீ வேண்டாம், அற்ககோல் பற்றிக்கொள்ளும். பிறகு லக்ரோபீனோல் நீலம் இட்டால் இழைகள் நீலமாகத் தெரியும். அந்தச் சாயத்தில் பீனோல் இருப்பதால் ஆசிரியர் கையுறை போட்டு இட்டுக்கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் துரு இலைகளை வெளியே வீசாமல் சுற்றிக்கட்டி எரித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கோப்பிக்கு நாமே நோய் கொண்டுபோகக் கூடாது.

கருவியைக் காப்பாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் வில்லைகளின் மேலேயே பங்கசு வளரும். சிலந்தி வலைபோல ஓர் இழைப்படலம் வந்துவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். நல்ல கருவி இப்படி அலுமாரிக்குள் கெட்டுப்போவதைக் காண மனம் பொறுக்கவில்லை. சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வையுங்கள், அல்லது அலுமாரிக்குள் ஒரு சிறு மின்குமிழை எரியவிடுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துப் பாவிப்பதும் நல்ல மருந்துதான்.

இன்னும் முடியாத ஒன்று

வார்ட் பேராதனையில் கண்ட இன்னொரு பொருள் இன்றுவரை ஆராய்ச்சியாளர்களை அலைக்கழிக்கிறது. முள்வித்திகளுக்கு நடுவில், எப்போதாவது, முள்ளே இல்லாத உருண்டையான வேறொரு வித்தி இருந்தது. தீலியோவித்தி என்கிறோம். அதை முளைக்கவிட்டார், அதிலிருந்து சிறுவித்திகள் வந்தன. அவற்றைக் கோப்பி இலையில் வைத்தார், பிடிக்கவில்லை. துருப் பங்கசுக்கள் பல, வாழ்க்கையின் ஒரு பகுதியை ஒரு தாவரத்திலும் மறுபகுதியை வேறொரு தாவரத்திலும் கழிக்கும். கோப்பித் துருவின் அந்த இரண்டாவது தாவரம் எது, அப்படி ஒன்று இருக்கிறதா என்பதை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பங்கசு எப்படி இத்தனை புதிய வகைகளாக மாறி, எதிர்ப்புள்ள கோப்பி இரகங்களை ஒவ்வொன்றாக வென்றுகொண்டிருக்கிறது? 2011இல் பிரேசிலைச் சேர்ந்த கார்வல்யோவும் அவருடைய சகாக்களும் கருவில் உள்ள டி.என்.ஏ.யின் அளவுக்கு ஏற்பக் கருமையாகும் சாயத்தை வித்திகளில் ஏற்றி, நுணுக்குக்காட்டிப் படங்களில் அந்தக் கருமையைக் கணினியால் அளந்தார்கள். சாதாரண முள்வித்திக்குள்ளேயே கருக்கள் இணைவதும் ஒடுக்கற்பிரிவு நடப்பதும் தெரிகின்றன என்று வெளியிட்டார்கள். பாலின இனப்பெருக்கம் முள்வித்திக்குள் மறைந்து நடக்கிறது என்பது அவர்களுடைய வாதம். துறையில் அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அவர்கள் பாவித்ததும் ஒளி நுணுக்குக்காட்டியே. புதிதாகச் சேர்ந்தது அளக்கும் முறை.

ஆகவே கோப்பி இலையிலிருந்து தூள் எடுத்துப் பார்க்கும்போது, முள்ளுள்ளதைக் கண்டதும் எழுந்துவிட வேண்டாம். முதிர்ந்து பழுப்பேறிய புள்ளிகளில், வழுவழுப்பான உருண்டை வித்தி இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் படம் எடுத்து, எந்த மாதம், எந்த ஊர், மரம் நிற்கும் உயரம், அதற்கு முந்திய வாரத்து மழை ஆகியவற்றைக் கொப்பியில் குறித்துவையுங்கள். பக்கத்தில் என்னென்ன செடிகள் நிற்கின்றன, அவற்றின் இலைகளிலும் ஏதாவது புள்ளி இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.